கம்பியில்லாப் பாட்டு ஏன் விட்டுவிட்டுக் கேட்கிறது?
லினக்ஸ் கணினி வைத்திருக்கும் குடும்பங்களுக்குச் சில விளக்கங்கள்

ஓசூரிலிருந்து பெங்களூருக்கு வரும் நெடுஞ்சாலையில் எல்லையைத் தாண்டியதும் வரும் கர்நாடக ஊர் அத்திபெலே. இங்குள்ள தொழிற்பேட்டையை நம்பித் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் ஏராளம். பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தெருவில் கன்னடம், தெலுங்கு, இந்தி என்று பல மொழிகள் கேட்கின்றன. நல்ல தமிழ் காதில் விழவேண்டுமானால் அதற்கு வீட்டில்தான் வழி செய்ய வேண்டியிருக்கிறது.

முந்தைய தலைமுறைக்கு அந்த வழி வானொலிப் பெட்டியாக இருந்தது. 1938-இல் தொடங்கிய சென்னை நிலையத்தையும், 1939-இல் தொடங்கிய திருச்சி நிலையத்தையும், இலங்கை வானொலியையும் இரைச்சலுக்கு நடுவே தேடிப் பிடித்துக் கேட்டார்கள். இன்று அந்த இடத்துக்கு இணையம் வந்துவிட்டது. ஆகாசவாணியின் தமிழ் நிலையங்கள், பழைய பாடல்கள், பட்டிமன்றம், திருமுறை, குழந்தைகளுக்கான கதைகள் யாவும் கணினி வழியே கிடைக்கின்றன. ஒரு புளூடூத் ஹெட்போனோ சிறிய ஸ்பீக்கரோ இருந்தால் பாட்டி ஒரு மூலையிலும் பேரன் ஒரு மூலையிலும் ஒருவருக்கொருவர் தொந்தரவின்றிக் கேட்கலாம்.

ஆனால் அந்த ஒலி ஒழுங்காக வரவேண்டுமே! இரண்டு சொல் வந்து மூன்றாவது சொல் விழுங்கப்படுகிறது. பல்லவி வந்ததும் ஒரு நொடி அமைதி. இப்படி விட்டுவிட்டு வந்தால் பாட்டி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிடுவார். கதை கேட்கும் குழந்தை எழுந்து வேறு விளையாட்டுக்குப் போய்விடும். வீட்டில் உடனே தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள்: “ஹெட்போன் போய்விட்டது” அல்லது “இந்த லினக்ஸ் சரியில்லை.” அடுத்து எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ஆயிரம், இரண்டாயிரம் செலவு. புதிய ஹெட்போனிலும் பாட்டு அதேபோல் விட்டுவிட்டுக் கேட்கும்போதுதான், குறை வேறு இடத்தில் இருக்கிறது என்பது புரியும்.

பெரும்பாலும் இந்தக் குறைக்குக் காரணம் பொருளின் பழுது அன்று. ஒலி வரும் பாதையில் எங்கோ ஓரிடத்தில் நெரிசல் இருக்கிறது. அந்த இடம் எது என்பதைக் காசு செலவில்லாமல் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

யாரிடம் லினக்ஸ் இருக்கிறது?

“லினக்ஸ் என்பது வல்லுநர்களுக்கு அல்லவா?” என்று சிலர் கேட்கலாம். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இந்த மென்பொருள் இன்று நம் வீடுகளுக்குள் இரண்டு வழிகளில் வந்திருக்கிறது.

முதல் வழி, தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மடிக்கணினி. 2011-இல் தொடங்கிய அத்திட்டத்தில் வழங்கிய கணினிகளில் விண்டோஸுடன் ‘பாஸ்’ என்ற லினக்ஸும் இருந்தது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட இந்தியத் தயாரிப்பு அது. ஊரில் அரசுப் பள்ளியில் படித்த அண்ணன் மகனோ தங்கை மகளோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்த மடிக்கணினிகள் இப்பக்கம் பல வீடுகளில் உண்டு.

இரண்டாவது வழி புதியது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, பழைய கணினிகள் பலவற்றில் ஏறுவதில்லை. அவற்றைக் குப்பையில் போட மனமில்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை ஏற்றிக்கொள்கிறார்கள். சிக்கனமான, நல்ல முடிவு. ஆனால் பழைய கணினி, புதிய ஹெட்போன், நெருக்கமான குடியிருப்பு ஆகிய மூன்றும் சேரும்போது ஒலி திக்கத் தொடங்குகிறது.

தொட்டியும் குழாயும்

பழைய வானொலியில் அலை பலவீனமானால் இரைச்சல் கூடும். ஆனாலும் குரல் அடியில் கேட்டுக்கொண்டே இருக்கும். கணினி வழி வரும் ஒலி அப்படியன்று. அது எண்களாக மாற்றப்பட்டுச் சிறுசிறு பொட்டலங்களாக வருகிறது. பொட்டலம் நேரத்துக்கு வந்தால் ஒலி தெளிவாக இருக்கும். வராவிட்டால் அந்த இடத்தில் வெறுமைதான்.

நம் பக்கத்து வீடுகளின் தண்ணீர் ஏற்பாட்டை நினைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும். தண்ணீர் எப்போதும் ஒரே சீராக வருவதில்லை. லாரி வரும்போது வரும். ஆனாலும் மேல்தொட்டியில் நீர் இருக்கும்வரை குழாய் ஒழுங்காக ஊற்றும். தொட்டி வற்றினால்தான் குழாய் ‘குப் குப்’ என்று விட்டுவிட்டு ஊற்றும்.

ஒலிக்கும் இப்படிப்பட்ட தொட்டிகள் வழியெங்கும் உண்டு. இணையத்திலிருந்து வருவதைச் சேர்த்து வைக்கும் தொட்டி பெரியது. பல நொடிகளுக்குத் தாங்கும். கணினிக்குள் இருப்பது மிகச் சிறியது. ஹெட்போனுக்குள் இருப்பதும் சிறியதே. பொதுவாக ஒரு நொடியில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு அளவுக்குத்தான் ஒலியைச் சேர்த்து வைத்திருக்கும். இந்த மூன்றில் எந்தத் தொட்டி வற்றுகிறது என்று கண்டுபிடிப்பதே நம் வேலை.

நான்கு சோதனைகள்

எல்லாச் சோதனைகளுக்கும் ஒரே பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடமாவது கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலைந்தை ஒன்றாக மாற்றிவிட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

சோதனை 1: வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைத்துவிட்டு, கணினியில் ஏற்கெனவே பதிந்து வைத்துள்ள பாட்டை அதன் சொந்த ஸ்பீக்கரில் போடுங்கள். இதிலும் திக்கினால் குறை கணினிக்குள் இருக்கிறது.

சோதனை 2: வைஃபையை இயக்கி, அதே பாட்டை இணையத்திலிருந்து எடுத்துக் கணினியின் ஸ்பீக்கரிலேயே கேளுங்கள். முதல் சோதனையில் நன்றாக இருந்து இங்கே திக்கினால் குறை இணையத்தில்.

சோதனை 3: வைஃபையை அணைத்துவிட்டு, பதிந்து வைத்த பாட்டைப் புளூடூத் ஹெட்போனில் கேளுங்கள். இங்கே திக்கினால் கணினிக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் குறை.

சோதனை 4: வைஃபையை மீண்டும் இயக்கி, இணையப் பாட்டைப் புளூடூத்தில் கேளுங்கள். முதல் மூன்றும் நன்றாக இருந்து இது மட்டும் திக்கினால், வைஃபையும் புளூடூத்தும் ஒன்றையொன்று இடிக்கின்றன என்று பொருள். நம் குடியிருப்புகளில் சந்தேகப்பட வேண்டிய முதல் காரணம் இதுவே.

இவற்றோடு, ஹெட்போனை ஒரு கைபேசியுடன் இணைத்தும் பார்த்துவிடுங்கள். அதில் தடையின்றிக் கேட்டால் ஹெட்போன் குற்றவாளி அன்று; புதிது வாங்கும் எண்ணத்தை அப்போதே கைவிடலாம்.

காற்றில் நெரிசல்

நான்காவது சோதனையில் குறை தெரிவது ஏன்? இதற்குப் புளூடூத் வேலை செய்யும் முறையைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்வீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில் 1994-இல் உருவாகத் தொடங்கிய இந்தத் தொழில்நுட்பத்துக்கு, பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் மன்னர் ஒருவரின் பட்டப்பெயரை வைத்தார்கள். ‘நீலப் பல்’ என்பது அதன் பொருள். நம் ஹெட்போன்களில் இருக்கும் வழக்கமான முறை 2402 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் வரை 79 சிறு அலைவரிசைகளில் இயங்குகிறது. ஒரே இடத்தில் நிற்காமல் நொடிக்கு 1600 முறை வரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. ஓரிடத்தில் இடையூறு இருந்தாலும் அடுத்த தாவலில் தப்பித்துக்கொள்ளலாம் என்பதே நோக்கம். இப்படித் தாவும் கருத்து பழையது. ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும் நீர்மூழ்கிக் குண்டுகளை இயக்க இப்படியொரு முறையை வகுத்து 1942-இல் காப்புரிமை பெற்றார்கள். 2003-இல் வந்த புளூடூத் 1.2 பதிப்பு முதல், நெரிசலான அலைவரிசைகளைக் கவனித்து ஒதுக்கிவிடும் திறனும் சேர்ந்தது.

ஆனால் ஒதுங்குவதற்கு இடம் வேண்டுமே! இந்தியாவில் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை, குறைந்த சக்திக் கருவிகள் உரிமமின்றிப் பயன்படுத்த 2005-இல் மைய அரசு அனுமதித்தது. யாரும் போகலாம் என்றான சாலையில் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். சாதாரண வைஃபை, கம்பியில்லா மௌஸ், மைக்ரோவேவ் அடுப்பு யாவும் இங்கேதான். ஒரு வைஃபை ரௌட்டர் ஏறக்குறைய 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொள்கிறது. 40 என்று அமைத்திருந்தால் சாலையில் பாதி போய்விடும். சுவரோடு சுவர் ஒட்டிய வாடகை வீடுகளில் வீட்டுக்கொரு ரௌட்டர் இருந்தால் புளூடூத் எங்கே தாவும்?

போதாததற்கு, பல மடிக்கணினிகளில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சில்லில் அமைந்து, ஒரே ஆன்டெனாவை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. இணையப் பாட்டைப் புளூடூத்தில் கேட்கும்போது உள்ளே இறக்கும் வேலையும் வெளியே அனுப்பும் வேலையும் ஒரே வாசலில் நடக்கின்றன. முறை தவறும்போது ஹெட்போனின் சிறு தொட்டி வற்றிவிடுகிறது.

இதற்கான தீர்வுகளை எளியதிலிருந்து வரிசையாகத் தருகிறேன்.

கைபேசியின் ஹாட்ஸ்பாட் மூலம் இணையம் எடுக்கிறீர்களா? அதை நிறுத்திவிட்டு, சார்ஜர் கேபிளால் கைபேசியைக் கணினியோடு இணைத்து, கைபேசி அமைப்புகளில் ‘யுஎஸ்பி டெதரிங்’ என்பதை இயக்குங்கள். ஆண்ட்ராய்டு கைபேசிகளை லினக்ஸ் பொதுவாகத் தனி மென்பொருள் எதுவும் இல்லாமலே அடையாளம் கண்டுகொள்ளும். பிறகு கணினியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இப்போது ஆன்டெனா முழுவதும் புளூடூத்துக்கே. ரௌட்டர் வைத்திருப்பவர்கள் லேன் கேபிளால் இதே பயனைப் பெறலாம்.

கேபிள் வசதிப்படாதவர்கள், ரௌட்டரும் கணினியும் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை ஏற்குமா என்று பாருங்கள். 2018-இல் அரசு அந்தப் பகுதியில் இன்னும் அதிக இடத்தைத் திறந்துவிட்டது. வைஃபையை அங்கே மாற்றினால் புளூடூத்துக்குச் சாலை காலியாகும். இந்த அலை சுவர்களைத் தாண்டுவதில் சற்றுப் பலவீனமானது; ஆகவே ரௌட்டர் இருக்கும் அறையிலேயே கணினியும் இருப்பது நல்லது. பழைய கணினியில் 5 கிகாஹெர்ட்ஸ் இல்லாவிட்டால், ரௌட்டரில் அலைவரிசை எண்ணை 1 அல்லது 11 என்றும் அகலத்தை 20 என்றும் வையுங்கள். வைஃபை ஓரமாக ஒதுங்கினால் புளூடூத்துக்குத் தொடர்ச்சியான இடம் கிடைக்கும்.

புளூடூத் அமைப்புச் சன்னலை மூடிவிடுங்கள். அது திறந்திருக்கும்வரை கணினி புதிய கருவிகளைத் தேடிக்கொண்டே இருக்கும். அந்தத் தேடல் ஒலியின் நேரத்தைத் தின்னும். பலரும் கவனிக்காத காரணம் இது. அதேபோல் ஹெட்போன் ஒரே நேரத்தில் கைபேசியோடும் இணைந்திருந்தால் அந்த இணைப்பைத் துண்டித்துப் பாருங்கள்.

யுஎஸ்பி 3 கருவிகளில் கவனம் தேவை. பல கணினிகளில் நீல நிறத்தில் இருக்கும் துளையே யுஎஸ்பி 3. அதில் ஓடும் ஹார்டு டிஸ்க்கும் அதன் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுப்பும் என்று இன்டெல் நிறுவனம் 2012-இல் விளக்கியிருக்கிறது. புளூடூத்துக்குச் சிறு டாங்கிள் செருகியிருந்தால் அதை இத்துளையின் பக்கத்தில் வைக்காமல், ஒரு நீட்டிப்பு கேபிளில் அரை மீட்டர் தள்ளி வையுங்கள்.

கடைசியாக, இடம். இரும்பு பீரோ, கான்கிரீட் சுவர் இரண்டும் அலையை மறைக்கும். நீர் நிறைந்த நம் உடலும் அலையை உறிஞ்சும். கணினிக்கு முதுகைக் காட்டி உட்காராமல் சற்றுத் திரும்பி உட்கார்ந்தாலே சில சமயம் ஒலி சீராகிவிடும்.

கணினிக்குள் குறை இருந்தால்

முதல் சோதனையிலேயே ஒலி திக்கியவர்களுக்கு இப்பகுதி. பழைய கணினியில் நினைவகம் குறைவு. உலாவியில் பத்துப் பக்கங்கள் திறந்திருந்தால் நினைவகம் நிரம்பி, கணினி ஹார்டு டிஸ்க்கை உதவிக்கு அழைக்கும். அது மெதுவான இடம். அதற்குள் தொட்டி வற்றிவிடும். ‘சிஸ்டம் மானிட்டர்’ என்ற செயலியில் நினைவகமும் செயலியின் சுமையும் நூறு விழுக்காட்டை ஒட்டி நிற்கின்றனவா என்று பாருங்கள். அப்படியானால் தேவையற்ற பக்கங்களை மூடுவதே மருந்து.

அடுத்து, மின்சிக்கனம். பேட்டரியில் ஓடும்போது கணினி தன் வேகத்தையும் வைஃபை, புளூடூத் பகுதிகளின் விழிப்பையும் குறைத்துக்கொள்ளும். சார்ஜரைச் செருகியதும் ஒலி சரியானால் காரணம் அதுவே. அமைப்புகளில் மின்சாரப் பகுதிக்குச் சென்று சிக்கன முறையை நீக்கிவிடலாம்.

மூன்றாவது காரணம் லினக்ஸுக்கே உரியது. லினக்ஸில் புளூடூத் இணைப்பைக் கவனிப்பது ‘புளூஸ்’ என்ற பகுதி. அது 2001-இல் லினக்ஸின் கருவோடு சேர்ந்தது. ஒலியைப் பங்கிட்டு அனுப்பும் வேலையைப் பல ஆண்டுகள் ‘பல்ஸ்ஆடியோ’ செய்தது. இப்போது அந்த இடத்துக்கு ‘பைப்வயர்’ வந்திருக்கிறது. ஃபெடோராவில் 2021-லும், உபுண்டுவில் 2022 அக்டோபர் பதிப்பிலும் அது இயல்பான ஏற்பாடானது. இரண்டும் அரைகுறையாகச் சேர்ந்து ஓடினால் குழப்பம் வரும். உங்கள் கணினியில் எது ஓடுகிறது என்று அறிய, டெர்மினலைத் திறந்து, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் பி-ஏ-சி-டி-எல் என்று சேர்த்தெழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஐ-என்-எஃப்-ஓ என்று தட்டச்சு செய்யுங்கள். விடையில் ‘சர்வர் நேம்’ என்ற வரியைப் பாருங்கள். பைப்வயர் என்ற பெயர் அங்கே இருந்தால் புதிய ஏற்பாடு, இல்லாவிட்டால் பழையது.

வீட்டில் கணினி படிக்கும் பிள்ளைகள் இருந்தால், புதிய ஏற்பாட்டில் ‘குவாண்டம்’ என்ற அளவை 1024-லிருந்து 2048 ஆக்கிப் பார்க்கச் சொல்லலாம். நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில் இது ஏறக்குறைய 21 மில்லிநொடித் தொட்டியை 43 ஆக்குவதாகும். பாட்டுக் கேட்க இந்தத் தாமதம் தெரியாது.

இவ்வளவு செய்தும் தீராவிட்டால், ஒரு பென் டிரைவில் புதிய லினக்ஸ் பதிப்பை எழுதி, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பாருங்கள். வன்தட்டில் எதையும் நிறுவாமலே இது நடக்கும். அதில் ஒலி சீராக வந்தால் உங்கள் வன்பொருள் நலமே. பழைய பதிப்பைத்தான் மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன் படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் படியெடுத்துக்கொள்ள மறவாதீர்கள்.

இணையத்தில் குறை இருந்தால்

இரண்டாவது சோதனையில் திக்கினால் ஹெட்போனையும் லினக்ஸையும் குறைசொல்லிப் பயனில்லை. ரௌட்டருக்கு அருகே சென்று பாருங்கள். வீட்டில் வேறு யாராவது பெரிய கோப்பு இறக்குகிறார்களா என்று கேளுங்கள். கைபேசி இணையம் என்றால் எல்லையோர ஊருக்கே உரிய ஒன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இங்கே கைபேசி சில நேரம் கர்நாடகக் கோபுரத்தையும் சில நேரம் தமிழ்நாட்டுக் கோபுரத்தையும் பிடிக்கக்கூடும். மாறும் தருணத்தில் தரவு தடைபடலாம். கைபேசியைச் சன்னலோரம் ஓரிடத்தில் அசையாமல் வைப்பது உதவும். நீண்ட சொற்பொழிவாக இருந்தால், அனுமதி உள்ள தளங்களில் முன்கூட்டியே இறக்கி வைத்துக் கேட்பது இன்னும் நல்லது.

திக்குவது வேறு, மங்குவது வேறு

ஒலி விட்டுப்போகாமல், டெலிபோனில் பேசுவதுபோல் மங்கலாக வந்தால் அது வேறு சங்கதி. புளூடூத் ஹெட்போனுக்கு இரண்டு முகங்கள் உண்டு. பாட்டுக்கு ‘ஏ2டிபி’, பேச்சுக்கு ‘ஹெட்செட்’. ஆன்லைன் வகுப்பு மைக்கைத் திறந்தால் கணினி இரண்டாவது முகத்துக்கு மாறிவிடும். பாட்டின் நயம் போய்விடும். ஒலி அமைப்புகளில் ‘ப்ரொஃபைல்’ என்ற இடத்தில் மீண்டும் ஏ2டிபி-யைத் தேர்ந்தெடுங்கள்.

அங்கேயே ‘எஸ்பிசி’, ‘எஸ்பிசி-எக்ஸ்க்யூ’, ‘எல்டாக்’ போன்ற பெயர்களும் இருக்கலாம். இவை ஒலியைச் சுருக்கும் முறைகள். சிடி தரத்தில் ஒரு நொடி இசைக்குச் சுமார் 14 லட்சம் பிட்டுகள் வேண்டும். எஸ்பிசி அதை ஏறக்குறைய 3.28 லட்சமாகச் சுருக்குகிறது. எல்டாக் தன் உயர்ந்த நிலையில் 9.9 லட்சம் வரை கேட்கும். உயர்ந்த தரம் என்று அதைத் தேர்ந்தெடுத்தால் நெரிசலில் முதலில் மாட்டிக்கொள்வதும் அதுவே. திக்கும் வீட்டுக்குச் சாதாரண எஸ்பிசி போதும். பழைய டி.எம்.எஸ். பாட்டுக்கு அதில் ஒரு குறையும் தெரியாது.

எப்போது வாங்கலாம்?

கைபேசியிலும் திக்கும் ஹெட்போனை மாற்றத்தான் வேண்டும். வைஃபையை அணைத்து, அருகில் உட்கார்ந்து, பென் டிரைவ் லினக்ஸிலும் திக்கினால் கணினியின் புளூடூத் பகுதி பலவீனம் என்று கொள்ளலாம். அதற்கு ஒரு யுஎஸ்பி டாங்கிள் போதும், புதுக் கணினி வேண்டியதில்லை. வாங்குமுன் அந்த டாங்கிள் லினக்ஸில் இயங்குமா என்று கடையிலேயே செருகிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் செய்து முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆகலாம். அதுவரை பாட்டியைக் காக்க வைக்க வேண்டாம். கம்பியுள்ள சாதாரண ஹெட்போனைக் கணினியின் துளையில் செருகிக் கொடுங்கள். அதற்கு அலையும் இல்லை, நெரிசலும் இல்லை. கண்டுபிடித்த காரணத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கணினியின் அடியில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை ஒலி திக்கும்போது யார் வீட்டில் இருந்தாலும் அதைப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் அவருக்கும் சொல்லுங்கள். அவருடைய ரௌட்டர் ஓரமாக ஒதுங்கினால் உங்கள் வீட்டுப் பாட்டுக்கும் இடம் கிடைக்கும்.